இடப்பக்கத்துக் கைகள்

இருபத்தேழாயிரத்து நானூற்று அறுபது. ஆஸ்பத்திரிக் கணக்கர் அந்தத் தொகையை எண்ணில் ஒரு தடவை, எழுத்தில் ஒரு தடவை எழுதிக் கீழே கோடு இழுத்து வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன் நாற்காலிக்காரனின் மனைவி உதிரப்போக்கு நிற்காமல் ஆறு நாள் படுத்திருந்ததற்கான பாக்கி அது. இரத்தம் மூன்று பாட்டில், ஸ்கேன் இரண்டு, கட்டில் வாடகை. வாரா வாரம் சனிக்கிழமை அவன் ஜன்னலில் போய் நிற்பான். கணக்கர் தலையைத் தூக்காமலே, "இன்னிக்கும் மூஞ்சியைக் காட்டத்தான் வந்தியா?" என்பார். அவனும் மூஞ்சியைக் காட்டிவிட்டு வருவான்.

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இருந்த பெரிய அரங்கத்தில்தான் அவனுக்கு வேலை. கூட்டம் வருமுன் நாற்காலி போட வேண்டும், போன பிறகு எடுக்க வேண்டும். திரை கட்டுவான், ஒலிபெருக்கி மாட்டுவான், பேசுகிறவர் கையை ஊன்றிக்கொள்ளும் மர மேடையைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பான். பதினாலு வருஷமாய் இதே பிழைப்பு. பெயர் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. "நாற்காலி, இங்க வா" என்றால் வருவான்.

அந்த அரங்கம் பிறந்த வீடு மாதிரி இருந்தது டாக்டரம்மாவுக்கு. கர்ப்பிணிகளைப் பார்க்கிற டாக்டர். ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தி வெளியே எடுத்தவர் என்பார்கள். ஆனால் வருஷத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாக மாநாடு மாநாடாகப் போய்க்கொண்டிருப்பார். மாநாடுகளில் கழுத்தில் மாட்டிவிடும் அட்டைகள் அவர் அறைக் கதவின் பின்னால் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அங்கே இனாமாகக் கொடுக்கும் துணிப்பைகளை ஆயாக்களுக்கும் துணி வெளுக்கிற பெண்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார். நாற்காலிக்காரனின் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடுகிறவள். அவளிடமே அப்படி நாலு பை இருந்தது.

கத்தி பிடிப்பதற்குக் கிடைத்த பேரைவிட டாக்டரம்மாவுக்குப் பேச்சுக்குக் கிடைத்த பேர் பெரிது. எந்த மாநாட்டிலும் கடைசியில் அவருக்கென்று நாற்பது நிமிஷம் ஒதுக்குவார்கள். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: மகிழ்ந்து வாழ்வது எப்படி. மூன்று நாளாய்க் கட்டியையும் சீழையும் பற்றிக் கேட்டுக் கேட்டு முகம் சுண்டிப்போன டாக்டர்கள் அந்த நாற்பது நிமிஷத்தில் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

இந்த வருஷ மாநாடு அவர் பொறுப்பில் சொந்த அரங்கத்திலேயே நடந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு விட்டார். உட்காரவும் சொன்னார். நாற்காலி போடுகிறவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"உன் சம்சாரத்துக்கு இருக்கிற கட்டிதான்பா இத்தனைக்கும் காரணம். ரத்தம் போறதும் அதனாலதான், பதினோரு வருஷமா குழந்தை தங்காததும் அதனாலதான். மாநாட்டுக்குப் பெரிய சர்ஜன் ஒருத்தர் வர்றார். அவர் கையால எடுத்துடலாம். செலவு கிடையாது. பழைய பாக்கியையும் அடிச்சிடச் சொல்றேன்."

"அம்மா, எப்படிங்க..."

"நாலு டாக்டர்ங்க பார்த்துக் கத்துக்குவாங்க. அவ்வளவுதான். முகம் தெரியாது."

அவன் மனைவியிடம் வந்து சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இஸ்திரி போட்ட விரிப்பை மடித்தாள். முப்பத்து நாலு வயசு. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று பதினோரு வருஷமாகக் காலண்டரில் தேதியைச் சுழித்துச் சுழித்து விரல் தேய்ந்தவள்.

"கட்டியை மட்டும்தானே எடுப்பாங்க? கர்ப்பப்பையை விட்டுடுவாங்கல்ல?"

"விட்டுடுவாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்க வேணாம், கேளுங்க. அதையும் எடுக்கிறதா இருந்தா எனக்கு இந்த ஆபரேஷனே வேணாம். பாக்கியை நான் மடிச்சு மடிச்சே அடைச்சிக்கிறேன்."

கேட்டான். டாக்டரம்மா அவன் தோளைத் தட்டி, "கட்டி மட்டும்தான்பா" என்றார். அப்புறம் கணக்கர் நாலு தாளை நீட்டினார். அவன் முதல் தாளில் பாதியைப் படிப்பதற்குள் கணக்கர் பேனாவால் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். "பரீட்சைக்கா படிக்கிற? போடுப்பா" என்று எவனோ ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கூச்சத்தில் நாலு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டான். 'தேவைப்பட்டால்' என்று தொடங்கும் வரி மூன்றாவது தாளில் இருந்தது.

மாநாடு அன்று காலை அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். துணைக்கு அவள் தங்கை வந்திருந்தாள். மாற்றுத்துணி வைத்திருந்த மாநாட்டுப் பையைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, அவள் அவனைப் பார்த்து, "ரெண்டு நாள் நீங்களே துவைச்சுக் காயப்போடுங்க. அப்பதான் என் அருமை தெரியும்" என்றாள். பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசர் போனில் கத்திக்கொண்டிருந்தான். "நாற்காலி! அறுநூறு பேர் வந்து உட்கார்ந்தாச்சு, நீ எங்கடா?"

அவன் ஓடினான்.

அறுநூறு நாற்காலி. முப்பது வரிசை. நடுவில் நடைபாதை விட்டு இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து. முந்தின நாள் ஒற்றை ஆளாகப் போட்டவன் அவன். மேடைக்குப் பின்னால் இருபதடி உயரத்துக்குத் திரை. அதையும் அவன்தான் சுருக்கம் விழாமல் இழுத்துக் கட்டினான். இவ்வளவு பெரிய திரை எதற்கு என்று அப்போது அவன் யோசிக்கவில்லை.

விளக்கை அணைத்தார்கள். திரையில் பச்சைத்துணி தெரிந்தது. துணியின் நடுவில் சதுரமாக ஒரு வயிறு. இடுப்புக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு.

சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் பட்டு வெந்த தழும்பு. மருந்து போட்டது அவன்தான். திரையில் அது ஒரு ஆள் நீளத்துக்கு இருந்தது.

அவன் மேடையோரத் தூணைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் மைக் செட்டைக் கவனிக்கும் மைக்காரன் கம்பிகளுக்கு நடுவே குந்தியிருந்தான். டாக்டர்கள் பேசுகிற பாஷை மைக்காரனுக்கு அரைகுறையாகப் புரியும்.

"அண்ணே, இது எங்க நடக்குது?"

"எதிர்க் கட்டடத்துலதான். இப்ப நடக்கிறது. நேரடியா காட்டுறாங்க. ஏன், மயக்கம் வருதா? ரத்தம் பார்த்தா எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. நாலு மாநாடு போனா பழகிடும்."

வந்திருந்த சர்ஜன் ஒரு வித்தைக்காரர். கை ஒரு பக்கம் வேலை பார்க்க, வாய் ஒரு பக்கம் வேலை பார்த்தது. காதில் மாட்டியிருந்த மைக்கில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மேடையில் டாக்டரம்மா அமர்ந்து, அரங்கத்தில் எழும் கேள்விகளை அங்கே அனுப்பினார். ஒருவர் அந்த நரம்பை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். காட்டினார். சர்ஜன் ஏதோ சொன்னார், அறுநூறு பேரும் சிரித்தார்கள்.

"என்ன சொன்னாரு?"

"கட்டி அவரோட மாமியார் மாதிரியாம். எங்க ஒட்டிக்கிட்டிருக்குன்னே கண்டுபிடிக்க முடியலையாம்."

அவன் திரையையே பார்த்தான். அவள் உள்ளே இவ்வளவு சிவப்பாகவும் மினுமினுப்பாகவும் இருப்பாள் என்று அவனுக்குத் தெரியாது. கட்டினவன் பார்க்காததை அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் சிலர் பிஸ்கட் தின்றார்கள்.

சட்டென்று சர்ஜனின் கை நின்றது. அவர் பேச, டாக்டரம்மா மைக்கை எடுத்து அரங்கத்தைப் பார்த்துப் பேசினார். குரலில் ஒரு விளையாட்டு இருந்தது. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"என்னண்ணே? என்ன ஆச்சு?"

"கட்டி நினைச்சதைவிட ஆழமா இருக்காம். கட்டியை மட்டும் தோண்டி எடுக்கிறதா, கர்ப்பப்பையோட சேர்த்து எடுத்துடறதான்னு கேக்குறாரு. ரெண்டும் செய்வாராம். அரங்கம் சொல்றபடி செய்றேன்னு சொல்றாரு. முதல்ல கை தூக்குறவங்க எடுக்கச் சொல்றவங்க. அடுத்து தூக்குறவங்க வைக்கச் சொல்றவங்க."

"அரங்கம்னா?"

"இவங்கதான், வேற யாரு?"

டாக்டரம்மா கண்ணைச் சுருக்கி இருட்டுக்குள் பார்த்தார். "கையை யார் எண்ணுறது? மைக்காரரே, நீங்க வலப்பக்கம். இடப்பக்கத்துக்கு நம்ம நாற்காலி. அவனுக்கு ஒரு நாற்காலி குறைஞ்சாக்கூட தூக்கத்துல தெரியும்." கூட்டம் கைதட்டியது.

அவன் நடைபாதையில் இறங்கினான். முதல் கைகள் உயர்ந்தன. மோதிரம் போட்ட கை, கடிகாரம் கட்டின கை, பிஸ்கட் தூள் ஒட்டின கை. வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே போனான். எண்ணுவதில் அவன் தப்பே செய்ததில்லை. நூற்று இருபத்தொன்று. அடுத்த கைகள். எண்பத்தெட்டு. மற்றவர்கள் எந்தப் பக்கமும் தூக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைக்காரன் வலப்பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னான்: "எடுக்க நூத்திப் பன்னெண்டு. வைக்க தொண்ணூத்தியேழு."

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். "உன்னோடது?"

மனைவியின் குரல் காதில் கேட்டது. நினைக்க வேணாம், கேளுங்க.

"எடுக்க எண்பத்தெட்டு" என்றான். இருமிக்கொண்டு சொன்னான்: "வைக்க நூத்தி இருபத்தொண்ணு."

டாக்டரம்மா காகிதத்தில் கூட்டினார். இருநூறு. இருநூற்றுப் பதினெட்டு. "பதினெட்டு ஓட்டுல கர்ப்பப்பை ஜெயிச்சிருக்கு" என்று அறிவித்தார். திரைக்குள்ளிருந்து சர்ஜன், சரி, நான் உங்கள் வேலைக்காரன் என்பதுபோல் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். மறுபடி கைதட்டல்.

அவன் தூணுக்குத் திரும்பி வந்தான். உடம்பெல்லாம் வியர்வை. ஆனால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பிழைப்பில் ஒரே ஒரு பொய், அதையும் சரியான இடத்தில் சொல்லியிருக்கிறான். சாயங்காலம் அவளுக்கு மயக்கம் தெளிந்ததும் சொல்ல வேண்டும். அறுநூறு டாக்டரை ஏமாத்தினேன்டி என்று சொன்னால் தையல் பிரிகிற மாதிரிச் சிரிப்பாள்.

பதினைந்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கட்டி பாதி வெளியே வந்தது. சர்ஜன் அதைப் பற்றி இழுத்தார். திரையின் அடியிலிருந்து சிவப்பு பொங்கி மேலே ஏறியது. ஒரு கருவி உள்ளே வந்தது, மறைந்தது. இன்னொன்று வந்தது. சர்ஜனின் பேச்சு அறுந்து, யாரையோ அதட்டும் குரல் கேட்டது. இருபதடித் திரையும் ஒரே நிறமாகி, ஒன்றுமே தெரியவில்லை.

டாக்டரம்மா மைக்காரனுக்கு விரலால் வெட்டுவதுபோல் சைகை காட்டினார். படம் அறுந்தது. அதற்குப் பதிலாக மாநாட்டின் சித்திரம் வந்து நின்றது: மஞ்சள் பின்னணியில் சிரிக்கும் ஒரு பெண்.

"படம் வர்றதுல சின்னத் தடங்கல்" என்றார் டாக்டரம்மா. "சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. என் பேச்சை இப்பவே முடிச்சிடலாமா?" ஓ என்று சத்தம் எழுந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்து அவன் விலாவில் இடித்தான். "மேடையைத் தூக்குடா."

அவன் மர மேடையைத் தூக்கிக்கொண்டு ஏறினான். வைத்துவிட்டு டாக்டரம்மாவின் பக்கத்தில் நின்றான். "அம்மா. அது என் பொண்டாட்டி."

டாக்டரம்மா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவனைப் பார்த்தார். இரண்டு விநாடி ஆனது. பிறகு முகத்தில் அடையாளம் வந்தது. "அட, ஆமா. நீதானே கையெழுத்துப் போட்டே." அவன் முழங்கையை மெல்ல அழுத்தினார். "அங்க நல்ல கைங்க நாலு இருக்குப்பா. நான் போனா கூட்டம்தான் கூடும். பயப்படாதே. கொஞ்சம் தண்ணி வச்சிட்டுப் போ."

தண்ணீர் வைத்துவிட்டு அவன் ஓடினான். முற்றத்தைத் தாண்ட இருநூறு தப்படி. லேட்டாக வருகிறவர்களும் கேட்கட்டும் என்று முற்றத்திலும், எதிர்க் கட்டடத் தாழ்வாரத்திலும், ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சுக்கு மேலேயும் ஒலிபெருக்கி மாட்டச் சொல்லியிருந்தார்கள். மாட்டியது அவனேதான். ஆகவே அவன் ஓட ஓட டாக்டரம்மாவின் குரலும் கூடவே ஓடி வந்தது.

"மகிழ்ச்சிங்கிறது மறதிதாங்க. வாசல்ல செருப்பை விடுற மாதிரி ஆஸ்பத்திரியை வாசல்லயே விட்டுட்டு வீட்டுக்குள்ள போங்க..."

கொழுந்தியாள் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மாமா, உள்ள ஓடுறாங்க, வெளிய ஓடுறாங்க. கேட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. அக்காவுக்கு என்ன?"

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ரத்தம் பத்தலை. கூட யாரு வந்திருக்கீங்க? என்ன வகை?" அவன் வகை சேரவில்லை. தங்கையின் வகை சேர்ந்தது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்த அவன் மடிக்குப் பை வந்தது.

"நேத்து ஒரு ஏழை ஆளோட கடனைத் தள்ளுபடி பண்ணினேன்" என்றது தலைக்கு மேல் ஒலிபெருக்கி. "இருபத்தேழாயிரத்துச் சொச்சம். எனக்கு அது ஒரு சேலைக் காசு. ஆனா ராத்திரி எப்படித் தூங்கினேன் தெரியுமா? என் வீட்டுக்காரர் குறட்டைகூடப் பாட்டு மாதிரி இருந்துச்சு!"

சிரிப்பு. இருநூறு தப்படிக்கு அப்பாலிருந்து நேராக ஒரு சிரிப்பு, பெட்டி வழியாக ஒரு சிரிப்பு என்று இரண்டு சிரிப்பாக வந்தது.

"கடைசியா ஒண்ணு. முடிவெடுத்தாச்சுன்னா திரும்பிப் பார்க்காதீங்க. இந்தக் கை அந்தக் கையைக் கேள்வி கேட்க ஆரம்பிச்சா சோறு இறங்காது..."

அவன் தன் கையைப் பார்த்தான். விரல் மடக்கி எண்ணிய கை.

பேச்சு முடிந்து கைதட்டல் ஓய்ந்த பிறகும் கதவு திறக்கவில்லை. கொழுந்தியாள் முழங்கையில் பஞ்சை அமுக்கியபடி திரும்பி வந்து உட்கார்ந்தாள். முதலில் வெளியே வந்தவர் வந்திருந்த சர்ஜன். கையுறையைக் கழற்றியிருந்தார், முன்கையில் முழங்கை வரை காய்ந்த சிவப்பு. பெஞ்சில் இருந்தவர்களைப் பார்க்காமல், கூட வந்தவரிடம் ஏதோ கேட்டார். அந்த ஆள் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் வழியைக் கையால் காட்டினார்.

அப்புறம் டாக்டரம்மா வந்தார். கழுத்தில் மாநாட்டு அட்டை. அவன் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்ததுமே கொழுந்தியாள் வாயில் கையை வைத்துக்கொண்டு கத்தத் தொடங்கிவிட்டாள்.

"ஒரு மணி நேரம் விடாமப் போராடினாங்கப்பா. ரத்தம் நிக்கவே இல்லை. கடைசியில கர்ப்பப்பையையும் எடுத்துத்தான் பார்த்தாங்க. அதுக்குள்ள நேரம் கடந்து போச்சு."

அவன் மடியில் இருந்த பையைச் சுருட்டினான். பிறகு விரித்தான்.

"முதல்லயே எடுத்திருந்தா?" என்றான்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "எடுத்திருந்தா இப்ப மயக்கம் தெளிஞ்சு உன்னைத் திட்டிக்கிட்டிருப்பா. நானா இருந்தா எடுத்திருப்பேன். என்ன பண்றது, வைக்கத்தான் வேணும்னு அத்தனை பேர் சொன்னாங்க. படிச்சவங்க, அனுபவஸ்தங்க. பதினெட்டு கை."

"அம்மா, அந்தக் கை..."

"வேணாம்." அவர் அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "கை தூக்கினவங்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்க நல்லதுக்குத்தானே தூக்கினாங்க. உன் மேலயும் ஒரு தப்பும் இல்லை. இதை மனசுல வச்சுக் குடையாதே. கேட்டியா?"

"அக்கா கேட்ட மாதிரிதானே மாமா செஞ்சிருக்காங்க" என்று விக்கலுக்கு நடுவே கொழுந்தியாள் சொன்னாள். "அதை எடுத்துட்டா வேணவே வேணாம்னு சொன்னாளே."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு அவன் வாய் திறக்கவே இல்லை.

உடம்பை வாங்க வேண்டுமென்றால் கணக்கர் சீட்டு கொடுக்க வேண்டும். டாக்டரம்மாவும் கூட வந்தார். ஜன்னலில் வரிசை இல்லை. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கணக்கர் பேரேட்டைத் திருப்பி அவன் பக்கத்தைக் கண்டுபிடித்தார். இன்று முதன்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"பழசு இருபத்தேழாயிரத்து நானூத்தி அறுபது. ஆபரேஷன் இனாம். ஆனா இன்னிக்கு ஏத்தின ரத்தம் பதினோரு பாட்டில். அது இனாம்ல வராது." டாக்டரம்மாவைப் பார்த்தார். "என்னம்மா பண்ண?"

"எல்லாத்தையும் அடிங்க."

"நேத்தே அடிச்சாச்சுன்னு பேச்சுல கேட்டேனே?"

"இப்ப அடிங்களேன்" என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் முகம் சிவந்தது.

கணக்கர் பதினோரு பாட்டிலுக்கு விலை போட்டுக் கீழே எழுதினார். கூட்டினார். அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் 'தள்ளுபடி' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

டாக்டரம்மா யோசித்தார். "பயிற்சிக்கு உதவியதற்காக. அப்படிப் போடுங்க."

கணக்கர் போட்டார். பேரேட்டை ஜன்னலுக்கு வெளியே தள்ளினார். பின்னால் அவசரப்படுத்த யாரும் இல்லை. அவன் முதல் வரியிலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். ரத்தம் மூன்று. ஸ்கேன் இரண்டு. கட்டில் ஆறு நாள். ரத்தம் பதினொன்று. தள்ளுபடி. பயிற்சிக்கு உதவியதற்காக. கணக்கர் பேனாவால் மேசையைத் தட்டவில்லை.

"கூட்டினது சரியா இருக்கான்னு பார்த்துக்கோப்பா" என்றார். "உனக்குத்தான் எண்ணத் தெரியுமே."

அவன் எண்ணிப் பார்த்தான்.

"சரியா இருக்குங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.